பார்மட் செய்யும் முன் கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதிகம் பயப்படுவது வைரஸுக்கு அல்ல. திரையின் நடுவே திடீரெனத் தோன்றும் ஒரு சிறிய பெட்டிக்குத்தான். அதில் ஆங்கிலத்தில் இரண்டு வரி, ஒரு நீண்ட எண், கீழே ஓகே என்று ஒரு பட்டன் இருக்கும். என்னவென்று புரியாமல் ஓகே கொடுப்போம். பெட்டி மறையும், பிரச்சினை மறையாது. மறுநாளும் அதே பெட்டி வரும். அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "பார்மட் பண்ணிடுங்க, எல்லாம் சரியாயிடும்."

நான் பழனி மலைத்தொடரில் வளர்ந்தவன். பொறியியல் படித்துவிட்டு இப்போது சாப்ட்வேர் துறையில் இருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்து, "தம்பி, கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பார்த்துட்டுப் போப்பா" என்று அழைப்பு வரும். மலையில் கம்ப்யூட்டர் பழுது என்பது சமவெளியைப் போல அல்ல. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ இருப்பவர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் வர வேண்டும். அங்கும் முடியாவிட்டால் மலைச்சாலையில் இறங்கி வத்தலக்குண்டுக்கோ பழனிக்கோ போக வேண்டும். ஒரு நாள் முழுதும் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு, பார்மட் செய்யும்போது அழிந்து போகும் போட்டோக்களும் கணக்குகளும்.

நான் பார்த்தவரை, பார்மட் தேவைப்படும் பிரச்சினைகள் மிகக் குறைவு. கம்ப்யூட்டரே தனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லக் காத்திருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை. கேட்பதற்கான வழி, விண்டோஸிலேயே இருக்கும் கட்டளைத் திரை, அதாவது கமாண்ட் பிராம்ப்ட். இதற்காகத் தனியே எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். இங்கே சொல்பவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் இயங்கும். (விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.)

முதலில் ரீஸ்டார்ட்

எந்தப் பிழைச் செய்தி வந்தாலும் முதலில் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். "நேற்று இரவே ஷட் டவுன் செய்துவிட்டுத்தானே படுத்தேன்" என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் ஒன்றல்ல. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. இது இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் மையப் பகுதி முழுதாக மூடப்படாமல், அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்ப ஏற்றப்படும். நேற்றைய கோளாறும் சில நேரம் அதனுடன் சேர்ந்தே வந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

ரீஸ்டார்ட் செய்த பிறகும் பிழை வருகிறதா? அந்தப் பெட்டியை மூட வேண்டாம். மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள எண் நமக்கு வேண்டும்.

கட்டளைத் திரையைத் திறப்பது எப்படி?

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சி-எம்-டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்யுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் என்ற வரி கிடைக்கும். அதில் ரைட் கிளிக் செய்து, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி கேட்கும் பெட்டி வரும், யெஸ் கொடுங்கள். கறுப்பாக ஒரு விண்டோ திறக்கும். அதன் தலைப்பில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே வரும் சில கட்டளைகள் வேலை செய்யாது.

கட்டளைகளை நான் போனில் சொல்வது போலத் தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டவும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து எதுவானாலும் சரி. "இடைவெளி" என்று சொன்னால் ஸ்பேஸ் பாரை ஒரு முறை தட்டவும். சாய்கோடு என்றால் கேள்விக்குறி இருக்கும் கீயில் உள்ள / என்ற குறி. எதிர்ப்பக்கம் சாய்ந்த \ அல்ல.

முதல் கேள்வி: இந்த எண்ணுக்கு என்ன பொருள்?

விண்டோஸ் தரும் பிழை எண்களில் பல 0எக்ஸ்8007 என்று தொடங்கும். இந்த வகை எண்களில் கடைசி நான்கு இலக்கங்களே உண்மையான சேதி. எடுத்துக்காட்டாக 0எக்ஸ்80070005. கடைசியில் இருப்பது 0005, அதாவது 5. இப்போது கட்டளைத் திரையில் இப்படிக் கொடுங்கள்:

நெட் (என்-இ-டி) இடைவெளி ஹெல்ப்எம்எஸ்ஜி (ஹெச்-இ-எல்-பி-எம்-எஸ்-ஜி) இடைவெளி 5

"அனுமதி மறுக்கப்பட்டது" என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் வரும். விஷயம் இவ்வளவுதான்! கம்ப்யூட்டர் கெடவில்லை. நீங்கள் செய்ய முயன்ற வேலைக்கு உங்களுக்கு அனுமதி இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கிப் பாருங்கள் என்று பொருள்.

ஒரு சிறு சிக்கல் உண்டு. இந்த இலக்கங்கள் பதினாறின் அடிப்படையில் எழுதப்பட்டவை. 0எக்ஸ்80070070 என்ற எண்ணின் கடைசியில் உள்ள 70-ஐ நாம் வழக்கமாக எண்ணும் முறைக்கு மாற்ற, 7-ஐ 16-ஆல் பெருக்க வேண்டும். 112 கிடைக்கும். விண்டோஸ் கால்குலேட்டரில் புரோகிராமர் பிரிவிலும் இதை மாற்றலாம். இப்போது அதே கட்டளையில் 5-க்குப் பதிலாக 112 கொடுத்தால், "டிஸ்க்கில் போதிய இடம் இல்லை" என்று வரும்.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவருக்கு வந்தது இதே எண்தான். அப்டேட் செய்யும்போதெல்லாம் இந்தப் பெட்டி வந்திருக்கிறது. கம்ப்யூட்டரைச் சமவெளியில் ஒரு கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். பார்மட் செய்து கொடுத்தார்கள். பிழை போனது உண்மை. கூடவே மகளின் திருமணப் போட்டோக்களும் போய்விட்டன. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து, பழைய சினிமாப் படங்கள் இரண்டை நீக்கியிருந்தாலே தீர்ந்திருக்கும். அந்த எண் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இதேபோல் 2 என்றால் கேட்ட பைல் கிடைக்கவில்லை. 20 என்று முடிந்தால் 2-ஐ 16-ஆல் பெருக்கி 32. அந்த பைலை வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். பிடித்து வைத்திருப்பது யார்? அதுதான் அடுத்த கேள்வி.

இரண்டாம் கேள்வி: உள்ளே யார் யார் வேலை செய்கிறார்கள்?

டாஸ்க்லிஸ்ட் (டி-ஏ-எஸ்-கே-எல்-ஐ-எஸ்-டி)

இதை டைப் செய்து என்டர் தட்டினால் நீண்ட பட்டியல் ஒன்று ஓடும். கம்ப்யூட்டரில் அந்த நொடியில் இயங்கும் எல்லா வேலைகளும் அதில் இருக்கும். இவற்றை பிராசஸ் என்கிறோம். இடப்பக்கம் பெயர். அடுத்து பிஐடி எனப்படும் அடையாள எண். வலப்பக்கம் அது எடுத்துக்கொண்டிருக்கும் நினைவகம், கே என்ற அளவில். 1,024 கே என்றால் ஒரு எம்பி. 512,000 கே என்று இருந்தால் 500 எம்பி.

பட்டியலைப் பார்த்துப் பதற வேண்டாம். எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் பல முறை வரும். அது வைரஸ் அல்ல. விண்டோஸின் பின்னணிச் சேவைகளைத் தாங்கும் புரோகிராம் அது. 2017-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட் ஒதுக்கப்படுகிறது. ஒரு சேவை விழுந்தால் மற்றவையும் சேர்ந்து விழக்கூடாது என்பதும் இதற்கு ஒரு காரணம். குரோம் பிரவுசரின் பெயர் பத்து முறை வந்தாலும் அப்படியே. டேப்களுக்கும் எக்ஸ்டென்ஷன்களுக்கும் அது தனித்தனி பிராசஸ் வைத்துக்கொள்ளும்.

இப்போது வேர்ட் உறைந்துபோய்விட்டது, மேலே உள்ள பெருக்கல் குறியை எத்தனை முறை கிளிக் செய்தாலும் மூடவில்லை என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் அதன் பெயர் வின்வேர்ட்.இஎக்ஸ்இ என்று இருக்கும். பக்கத்தில் உள்ள எண் 4321 என்றால்:

டாஸ்க்கில் (டி-ஏ-எஸ்-கே-கே-ஐ-எல்-எல்) இடைவெளி /பி-ஐ-டி இடைவெளி 4321

இது "தயவுசெய்து மூடிக்கொள்" என்று கேட்பது போல. வேர்டுக்கு உயிர் இருந்தால், சேமிக்கவா என்று கேட்டுவிட்டு மூடும். பதிலே இல்லையென்றால், அதே வரியின் கடைசியில் இடைவெளி விட்டு /எப் என்று சேர்த்துக் கொடுங்கள். இது கேட்காது, உடனே மூடிவிடும். சேமிக்காத எழுத்துகளும் அதோடு போய்விடும். அதனால் எப்போதும் முதலில் /எப் இல்லாமல் முயலுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சிஎஸ்ஆர்எஸ்எஸ், வின்இனிட், வின்லாகான், எல்எஸ்ஏஎஸ்எஸ், சர்வீசஸ் ஆகிய பெயர்களில் உள்ளவற்றைத் தொடவே வேண்டாம். இவை விண்டோஸின் தூண்கள். இவற்றை வலுக்கட்டாயமாக மூடினால் கம்ப்யூட்டரே நின்றுவிடும் அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். பெயர் தெரியாத எதையும் மூடும் முன் அது என்னவென்று விசாரியுங்கள்.

பிரிண்டர் அடம் பிடித்தால்

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. அந்த நாட்களில் விருந்தினர்களுக்கு இ-பாஸ் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் வேலையும் எங்கள் பக்கத்துத் தங்கும் விடுதிகளுக்கு வந்து சேர்ந்தது. வீட்டிலேயே இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் அக்கா ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, ஒரு பேப்பர்கூட வரமாட்டேங்குது. கேன்சல் கொடுத்தா அதுவும் ஆகலை. பிரிண்டர் போயிடுச்சா?"

பிரிண்டருக்கு ஒன்றுமில்லை. வரிசையில் முதலில் நின்ற ஒரு பைல் சிக்கிக்கொண்டு, பின்னால் உள்ளவற்றையும் விடாமல் நிறுத்தி வைத்திருந்தது. இந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் சேவைக்கு ஸ்பூலர் என்று பெயர். போனிலேயே மூன்று படிகள் சொன்னேன்:

1. நெட் இடைவெளி ஸ்டாப் இடைவெளி ஸ்பூலர் (எஸ்-பி-ஓ-ஓ-எல்-இ-ஆர்) என்று கொடுத்து என்டர் தட்டவும். சேவை நிற்கும்.
2. பைல் எக்ஸ்புளோரரில் சி டிரைவ், அதில் விண்டோஸ், அதில் சிஸ்டம்32, அதில் ஸ்பூல், அதில் பிரிண்டர்ஸ் என்ற போல்டருக்குள் செல்லவும். உள்ளே இருக்கும் பைல்களை மட்டும் அழிக்கவும். போல்டரை அழிக்கக்கூடாது.
3. நெட் இடைவெளி ஸ்டார்ட் இடைவெளி ஸ்பூலர் என்று கொடுக்கவும்.

ஐந்து நிமிடத்தில் பேப்பர் வந்தது. புதுப் பிரிண்டர் வாங்கும் செலவும் மிச்சம்.

மூன்றாம் கேள்வி: விண்டோஸ் பைல்கள் நலமா?

மலையில் மழைக்காலம் வந்தால் மின்சாரம் அடிக்கடி போகும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தைத் தாண்டியபோது, கொடைக்கானல் மலையிலும் மரங்கள் சாய்ந்து மின்சாரம் தடைப்பட்டது. அவ்வளவு பெரிய புயல்கூட வேண்டாம். ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தாலே போதும். விண்டோஸ் எதையோ எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால், அந்த பைல் பாதியில் நின்றுவிட வாய்ப்பு உண்டு. யுபிஎஸ் இல்லாத வீடுகளில் வரும் விசித்திரமான பிழைகளில் பல இப்படிப் பிறந்தவை.

இதற்கு இரண்டு கட்டளைகள். இன்டர்நெட் இணைப்பு இருக்கும்போது முதலில் இது:

டி-ஐ-எஸ்-எம் இடைவெளி /ஆன்லைன் இடைவெளி /கிளீனப்-இமேஜ் இடைவெளி /ரெஸ்டோர்ஹெல்த்

இவை வழக்கமான ஆங்கிலச் சொற்களே. கிளீனப், இமேஜ் இரண்டுக்கும் நடுவே சிறு கோடு வரும். ரெஸ்டோர், ஹெல்த் இரண்டையும் ஒட்டி எழுத வேண்டும். சேதமான பகுதிகளுக்கு மாற்றாக நல்லவற்றை மைக்ரோசாப்டில் இருந்து இது கொண்டுவந்து வைக்கும். மெதுவான இணைப்பில் நேரம் எடுக்கும். ஏதோ ஒரு சதவீதத்தில் நின்றுவிட்டது போலத் தோன்றும். பொறுமையாக இருங்கள். முடிந்த பிறகு:

எஸ்-எப்-சி இடைவெளி /ஸ்கேன்நவ் (எஸ்-சி-ஏ-என்-என்-ஓ-டபிள்யூ)

இது விண்டோஸின் முக்கியமான பைல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். முடிவில் ஒரு வரி சொல்லும். கோளாறு எதுவும் இல்லை என்றால் பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. கோளாறு இருந்தது, சரிசெய்துவிட்டேன் என்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்றால் இரண்டு கட்டளைகளையும் மீண்டும் ஒரு முறை கொடுங்கள். இவை உங்கள் போட்டோக்களையோ கடிதங்களையோ தொடுவதில்லை.

நான்காம் கேள்வி: டிஸ்க் நலமா?

சி-ஹெச்-கே-டி-எஸ்-கே இடைவெளி சி: (சி எழுத்து, பக்கத்தில் முக்காற்புள்ளி)

இப்படி மட்டும் கொடுத்தால் டிஸ்க்கைப் பார்த்து அறிக்கை தரும்; எதையும் மாற்றாது. தவறு இருப்பதாகச் சொன்னால், கடைசியில் இடைவெளி விட்டு /எப் சேர்த்துக் கொடுங்கள். விண்டோஸ் இயங்கிக்கொண்டிருப்பதால் இப்போது முடியாது, அடுத்த முறை தொடங்கும்போது செய்யட்டுமா என்று கேட்கும். ஒய் என்ற எழுத்தைத் தட்டி, என்டர் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டிஸ்க்கில் இருந்து கடகடவென்று சத்தம் வந்தாலோ, பைல்களைத் திறக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தாலோ, எந்தக் கட்டளையும் கொடுக்காதீர்கள். முதலில் முக்கியமானவற்றை பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ காப்பி செய்துவிடுங்கள். சாகப் போகும் டிஸ்க்கை நீண்ட சோதனையில் ஈடுபடுத்துவது அதன் கடைசி மூச்சையும் வாங்கிவிடலாம்.

நீலத் திரை வந்தால்?

நீலத் திரையும் ஓர் அறிக்கையே. (விண்டோஸ் 11-ல் 2025 முதல் இது கறுப்பாக மாறியிருக்கிறது.) 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாப்ட் கணக்குப்படி உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குத் தரப்பட்ட தீர்வு என்ன தெரியுமா? கம்ப்யூட்டரை சேஃப் மோடில் தொடங்கி, குறிப்பிட்ட போல்டரில் இருந்த பழுதான பைலை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. அவ்வளவு பெரிய கோளாறுக்கே பார்மட் மருந்தாகச் சொல்லப்படவில்லை!

இதே திரையைக் காட்டி ஏமாற்றுவோரும் உண்டு

"மைக்ரோசாப்டில் இருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது" என்று சிலருக்குப் போன் வரும். நம்பிக்கை வர, கட்டளைத் திரையைத் திறக்கச் சொல்வார்கள். ஏ-எஸ்-எஸ்-ஓ-சி என்று டைப் செய்யச் சொல்லி, பட்டியலின் அடியில் 888 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்ணைப் படிப்பார்கள். "பார்த்தீர்களா, உங்கள் கம்ப்யூட்டரின் ரகசிய எண் எங்களிடம் இருக்கிறது!" உண்மையில் அந்த எண் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் ஒன்றே. அல்லது நெட்ஸ்டாட் (என்-இ-டி-எஸ்-டி-ஏ-டி) கொடுக்கச் சொல்லி, வரும் முகவரிகளைக் காட்டி ஹேக்கர்கள் என்பார்கள். அவை உங்கள் பிரவுசரும் பிற புரோகிராம்களும் பேசிக்கொண்டிருக்கும் சர்வர்கள். ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்புக் குறிகளைக் காட்டுவார்கள். அது கம்ப்யூட்டரின் நாட்குறிப்பு. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் பார்த்துப் பதிவு செய்து வருகிறார்கள். சூரியனில் கரும்புள்ளி தெரிந்தால் அதையும் பதிவார்கள். சூரியன் அணையப் போகிறது என்று யாரும் பயப்படுவதில்லை. நல்ல நிலையில் உள்ள கம்ப்யூட்டரின் நாட்குறிப்பிலும் சில சிவப்புக் குறிகள் இருக்கவே செய்யும்.

மைக்ரோசாப்ட் தானாக முன்வந்து யாருக்கும் இப்படிப் போன் செய்வதில்லை. அதன் பிழைச் செய்திகளில் போன் நம்பரும் இருக்காது. அப்படி வந்தால் இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்: எண் என்ன சொல்கிறது? உள்ளே யார் வேலை செய்கிறார்கள்? விண்டோஸ் பைல்கள் நலமா? டிஸ்க் நலமா? நான்குக்கும் விடை கிடைத்த பின்னும் தீரவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். போட்டோக்களைத் தனியே காப்பி செய்துவிட்டுப் போங்கள். கடைக்காரரிடம் "ஏதோ பிழை வருது" என்று சொல்லாமல், எந்த எண் வந்தது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். பார்மட் செய்யலாமா வேண்டாமா என்ற முடிவு அப்போது உங்கள் கையில் இருக்கும்.